சங்கு ஊதாத பகல்

ஐம்பதுகளின் கடைசி வருஷங்களில் நடந்தது இது. கோயமுத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் நான் வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான். மில்லுக்குப் பின்னால், பத்து நிமிஷ நடையில், லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். நானும் என் மகளும். என் வீட்டுக்காரர் காலமாகி அப்போது மூன்று வருஷம்.

எனக்கு அதிகம் எழுத வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. பிறந்ததிலிருந்தே புத்தி வளர்ச்சி குறைவு. நடந்ததே நாலு வயதில்தான். பேச்சு நாலு வார்த்தை. அம்மா, சோறு, வா, வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். இதற்கு மருந்து கிடையாது, பார்த்துப் பக்குவமாக வளர்த்துங்கள் என்றார்கள். சரி என்று வந்துவிட்டோம்.

அவளுடைய அப்பா இருந்தவரை சிரமம் தெரியவில்லை. அவருக்கு ராத்திரி ஷிஃப்டு, எனக்குப் பகல். ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் போன பிறகு பகலில் அவளுக்கு ஆள் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் போனால் கதவில் முட்டிக்கொள்வாள். சாயங்காலம் வந்து பார்த்தால் நெற்றி வீங்கியிருக்கும். திறந்துவிட்டுப் போனால் எழுந்து நடந்துவிடுவாள். ஒரு நாள் குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றிருக்கிறாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கூட்டி வந்து விட்டார்கள்.

மறுநாளிலிருந்து கயிறு. பழைய சேலையைக் கிழித்துக் கயிற்றில் சுற்றி, இடுப்பு அறுக்காத மாதிரி கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிந்துவிடுவேன். தண்ணீர்க் குடம் வரை எட்டும். வாசற்படி வரை எட்டாது. கதவு திறந்திருந்தால் தெருவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். மத்தியானம் மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் நான் ஓடி வந்து, ஊட்டிவிட்டு, திரும்ப ஓடுவேன். என் வாயில் பாதிச் சோறு இருக்கும்போதே மில்லுக்குள் நுழைந்திருக்கிறேன்.

அப்படி ஒரு மத்தியானம்தான் அந்த டீச்சர் வந்தார். பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாக வருவார்கள். இவர் பக்கத்து ஆரம்பப் பள்ளிக்குப் புதிது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். தடித்த கண்ணாடி. கையில் ஆம்பிளைக் குடை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் தெலுங்கில் முணுமுணுப்பார் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

“ஏனுங்க அக்கா, பள்ளிக்கூட வயசுல யாராச்சும் இருக்காங்களா?”

“இல்லைங்க.”

அவர் மகளைப் பார்த்தார். கயிற்றையும் பார்த்தார்.

“இவங்க?”

“இவளை எழுத வேண்டாங்க. இவளுக்குப் படிப்பு ஆகாதுங்க.”

“வயசு என்னங்க?”

“பதினொண்ணு.”

எழுதிக்கொண்டார். “ஆகும், ஆகாதுன்னு எழுதறதுக்கு இதுல கட்டம் இல்லைங்க அக்கா. வயசுக்குத்தான் கட்டம் இருக்குது.”

அவ்வளவுதான். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் தெரு தாண்டியதும் எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரரும் எங்கள் மில்தான். நாக்கு கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் இருக்காது.

“டீச்சரம்மா கயித்தையும் சேர்த்து எழுதிக்கிட்டாங்களா அம்மணி?” என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்தபோது நிஜமாகவே வந்து கூட்டிப் போனார். ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். மகள் ஒருத்தியின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டாள். பெற்றவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். பெரிய வாத்தியார் வேண்டாம் என்றுவிட்டார். டீச்சர் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டபின் சாயங்காலம் சிலேட்டோடு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ‘அ’ எழுதிப் பழக்கினார். ஒரு மாதம் பழக்கினார். மகள் ‘அ’ போடவில்லை. பலப்பத்தைத் தின்றாள். நாலு பலப்பம் தின்றாள்.

ஒரு மாதம் கழிந்த ஒரு நாள் டீச்சர் சிலேட்டை ஓரமாக வைத்தார். தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், “தப்பு என்னோடதுங்க அக்கா. இவ எங்க நிக்கறான்னு பார்க்காம, நான் எங்கியோ நின்னுக்கிட்டுக் கூப்பிட்டுட்டு இருந்திருக்கறேன்” என்றார்.

விட்டுவிட்டுப் போகப் போகிறார் என்று நினைத்தேன். குறை சொல்வதற்கு இல்லை. ஒரு மாதம் வந்ததே பெரிது.

அவரோ பையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தார். “இவ தானா என்னென்ன செய்வா? செய்யாதது வேண்டாங்க. செய்யறதை மட்டும் சொல்லுங்க.”

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லாரும் என்ன வராது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். யோசித்து யோசித்துச் சொன்னேன். டம்ளரில் சிந்தாமல் தண்ணீர் குடிப்பாள். நிலக்கடலை உரிப்பாள். தன் பாயைச் சுருட்டி வைப்பாள், கோணலாகத்தான். என் காலடிச் சத்தம் தெரியும். சங்கு ஊதினால் எழுந்து நின்று வாசலைப் பார்ப்பாள், நான் வருவேன் என்று தெரியும். சொல்லச் சொல்ல ஒன்பது வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

டீச்சர் நோட்டில் கோடு போட்டு நாலு பத்தியாகப் பிரித்தார். இப்போது என்ன செய்கிறாள். அடுத்து என்ன. யார் பழக்குவது. எத்தனை நாளில் பார்ப்பது. ‘யார் பழக்குவது’ என்ற பத்தியில் பாதி இடத்தில் என்னைப் போட்டார்.

“படிக்கறது அவளுங்களா, நானுங்களா?” என்றேன்.

“ரெண்டு பேருந்தான்” என்றார். “எனக்கும் இது தெரியாதுங்க. டிரெயினிங்கில யாரும் சொல்லித் தரலை. பார்த்துப் பார்த்துத்தான் எழுதோணும்.”

கடைசிப் பக்கத்தைத் திருப்பி மேலே ‘கயிறு’ என்று எழுதினார். கீழே ஒன்றும் எழுதவில்லை. காலியாக விட்டு மூடினார். கயிறு அவிழும் நாளில் எழுதத்தான் என்று எனக்குப் புரிந்தது. எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

முதலில் சட்டைப் பித்தான். நாலு பித்தான். டீச்சர் முதல் பித்தானைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் போராடினார். மகள் கையை உதறினாள், அழுதாள். அப்போது நான் ஒன்று சொன்னேன். வாழ்க்கையில் ஒரு டீச்சருக்கு நான் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

பாபினில் இருக்கும் நூலை ராட்டில் சுற்றிச் சிட்டமாக, நூல் கட்டாக, எடுப்பதுதான் எங்கள் ரீலிங் வேலை. அந்தச் சிட்டம்தான் சென்னிமலைத் தறிகளுக்குப் போகிறது. புதிதாக வருகிறவளுக்கு நாங்கள் முதலில் நூல் கோக்கக் கொடுக்க மாட்டோம். எல்லாம் நாங்கள் சுற்றி முடித்து, கடைசியில் சிட்டத்தைக் கழற்றி முறுக்கி வைப்பதை மட்டும் அவளிடம் விடுவோம். வேலை முடிந்த மாதிரி அவளுக்கு ஒரு திருப்தி இருக்கும். அது கை வந்ததும் அதற்கு முந்தின வேலை. அப்படியே பின்னாலிருந்து முன்னால் வருவோம். எனக்கும் அப்படித்தான் பழக்கினார்கள்.

“கடைசிப் பித்தானை மட்டும் அவகிட்ட விட்டுப் பாருங்க” என்றேன்.

டீச்சர் பித்தானை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “இதை ஏனுங்க முன்னாலயே சொல்லலை?” என்றார்.

“நீங்க கேக்கலைங்க.”

மூன்றை நான் போட்டேன். கடைசி ஒன்றை அவள். பதினெட்டு நாள் ஆனது. போட்டுவிட்டு அவள் சட்டையைத் தடவிப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. நாலும் போட இரண்டரை மாதம். அதற்குள் கதவுத் தாழ்ப்பாள், கை கழுவுதல், சோறு கொண்டுபோகும் தூக்குப் போசிக்கு மூடி போட்டு அழுத்துதல் எல்லாம் நோட்டில் ஏறிவிட்டன. தானாகச் செய்தால் ஒரு கோடு. நான் கை பிடித்தால் அரைக் கோடு. செய்யாவிட்டால் ஒன்றும் போடக் கூடாது. திட்டியும் எழுதக் கூடாது. அந்த நோட்டை எழுதித்தான் எனக்கும் எழுத்து கொஞ்சம் ஓடியது.

தீபாவளிக்கு அண்ணன் வந்தார். எனக்கு மூத்தவர். பல்லடத்துக்குப் பக்கம் தோட்டம். குளத்தில் நின்ற கதை அவர் காதுக்குப் போயிருந்தது.

“நீ இங்க தனியாக் கிடந்து எதுக்கு இந்தப் பாடு படறே? வேலையை விட்டுப்போட்டு வந்துரு அம்மணி. தோட்டத்துல உங்களுக்குச் சோறு இல்லாமலா போயிரும்?”

“அங்க இவளை?”

“அங்கயும் கிணறு இருக்குதல்ல. கட்டித்தான் போடோணும். கட்டுத்தரையில நிழல் இருக்குது.”

அண்ணன் கெட்டவர் இல்லை. என்மேல் இருக்கும் பாசத்தில்தான் சொன்னார். ஆனால் அங்கே போனால் நான் அண்ணி கையைப் பார்த்து நிற்க வேண்டும். மகள் மாடுகளோடு கயிற்றில். சாகும்வரை. டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் அண்ணனிடம் தை வரைக்கும் தவணை கேட்டார். அண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. “பித்தானுக்கு ஒரு நோட்டா!” என்று சிரித்தார். ஆனால் தலையாட்டினார். “தையில வாரேன். அன்னைக்கும் கயிறு இருந்தா, பேச்சே இல்லை. வண்டியோட வந்து சாமானை ஏத்திருவேன்.”

அதன்பின் டீச்சர் பெரிய பாடத்தை எடுத்தார். மத்தியானம் நான் வீட்டுக்கு ஓடி வருவதற்குப் பதில், சங்கு ஊதியதும் மகள் போசியை எடுத்து, கதவைச் சாத்தி, தனியாக மில் கேட்டுக்கு வர வேண்டும். அது முடிந்தால் கயிற்றுக்கு வேலை இல்லை. பகலை அவளே இரண்டாக மடித்துக்கொள்வாள். முன் பாதி சங்குக்குக் காத்திருப்பாள். பின் பாதி எனக்கு.

வழியில் நாலு அடையாளம். குழாயடி, வேப்பமரம், சைக்கிள் கடை, மில் கேட். இதையும் பின்னாலிருந்துதான் பழக்கினோம். முதல் வாரம் சைக்கிள் கடையிலிருந்து கேட் வரை மட்டும் தனியாக விட்டோம். அடுத்த வாரம் வேப்பமரத்திலிருந்து. டீச்சர் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடையோடு பத்தடி பின்னால் வருவார். சைக்கிள் கடைக்காரர், “பொண்ணு பார்க்கப் போற மாதிரி மெதுவா வாறீங்களே டீச்சர்” என்று கேலி பண்ணுவார். டீச்சர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

கயிறும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது. முதலில் நான் வீட்டில் இருக்கும்போது. பிறகு எதிர்வீட்டு அக்கா வாசலில் இருக்கும்போது. பிறகு காலைச் சங்கிலிருந்து மத்தியானச் சங்கு வரை. சங்கு ஊதும்வரை படி தாண்டக் கூடாது, ஊதினால் கிளம்ப வேண்டும். இதை அவளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்போம்.

மார்கழி பாதியில் ஒரு நாள் அவள் தனியாக வந்தாள். கேட்டில் வாட்ச்மேன், “உன்ற சாப்பாடு நடந்து வருது பாரு அம்மணி” என்றார். நான் போசியை வாங்கிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சோறு” என்றாள். அங்கேயே மரத்தடியில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டதும் எதிர்வீட்டு அக்காவோடு வீட்டுக்குத் திரும்பினாள். தொடர்ந்து பதினோரு நாள் வந்தாள். பதினோரு கோடு. ஜன்னல் கம்பியில் கயிறு சும்மா தொங்கியது.

தை பிறந்தது. அந்த வருஷம் மழை இல்லை. அணையில் தண்ணீர் இல்லாததால் மில்லுகளுக்குக் கரண்டை வெட்டினார்கள். வாரத்தில் இரண்டு நாள் பகலில் கரண்ட் இருக்காது என்று பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். அதற்கும் எனக்கும் என்ன என்று விட்டுவிட்டேன்.

முதல் வெட்டு நாள். பத்து மணிக்கு மேல் ராட்டெல்லாம் நின்றன. மேஸ்திரி எங்களைக் கூட்டிப் பெருக்க வைத்தார். பன்னிரண்டுக்கு உள்ளே கைமணி அடித்தார்கள். கேட்டுக்கு வந்தேன். எல்லார் சாப்பாடும் வந்திருந்தது. மகள் இல்லை.

எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக்காரருக்குப் போசி கொண்டு வந்திருந்தாள். “ஊட்டு வாசல்லயே நிக்கறா கண்ணு. கூப்புட்டுப் பார்த்தேன். என்னமோ சொன்னா, எனக்கு வெளங்கலை. வரவே மாட்டேன்னுட்டா” என்றாள்.

ஓடினேன். வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் போசி. உச்சி வெயில் முகத்தில். எவ்வளவு நேரமாக நின்றாளோ, முகம் சிவந்து வியர்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

நான் அடித்துவிட்டேன். கன்னத்தில்.

“எத்தனை தடவை சொல்லிக் குடுத்தது! இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு உனக்கு?”

போசி கீழே விழுந்து உருண்டது. மூடி திறக்கவில்லை. அவள் அழுத்தின மூடி. அது அப்போது என் புத்தியில் படவில்லை. அண்ணன் அந்த வாரம்தான் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஏழு மாதம் மண்ணாகிவிட்டதே என்ற ஒன்றுதான் மனசில் இருந்தது. கயிற்றை எடுத்தேன். கட்டினேன். அவள் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள், பழைய பழக்கம். போசியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மில்லுக்குத் திரும்பினேன். நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல் கரண்ட் வந்தது. ராட்டு ஓடியது. நூல் அறுந்தது. ரீலிங்கில் நூல் அறுவது சாதாரணம். ராட்டை நிறுத்தி, எங்கே அறுந்தது என்று முனையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு விடுவோம். அன்று இருபது தடவையாவது அப்படித் தேடி முடிந்திருப்பேன். கை பாட்டுக்குச் செய்தது.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது.

அப்போதுதான் எனக்குப் பட்டது. பகலில் இது ஊதவில்லை.

கரண்ட் இல்லை. சங்கு ஊதவில்லை. கைமணிதான் அடித்தார்கள். அது எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை, லைன் வீட்டுக்கு எப்படிக் கேட்கும்? ஊதும்வரை படி தாண்டாதே என்று நான்தான் ஆயிரம் தடவை சொன்னேன். அவள் தாண்டவில்லை.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

வீட்டில் அண்ணன் பாயில் உட்கார்ந்திருந்தார். பையோடு. டீச்சரும் வந்து குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் மகள் கயிற்றில். எதிர்வீட்டு அக்கா கதவோரம்.

“அவுத்துவிடலாம்னுதான் நினைச்சேன்” என்றார் அண்ணன். “பெத்தவ கட்டினதை நான் எப்படி அவுக்கறது? விடு அம்மணி. நீயும் என்னதான் பண்ணுவே. சாமானைக் கட்டு.”

நான் முடிச்சை அவிழ்த்தேன்.

“சங்கு ஊதலைங்க அண்ணா” என்றேன்.

“சங்குக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?”

டீச்சருக்கு உடனே புரிந்துவிட்டது. தெலுங்கில் முணுமுணுத்தார். நோட்டை எடுத்து விரித்து அண்ணனுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ‘சங்கு ஊதும்வரை படி தாண்டக் கூடாது. ஊதினால் கிளம்ப வேண்டும்.’

சங்கு என்ற வார்த்தையைக் கேட்டதும் மகள் தலையைத் தூக்கினாள். கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, “ஊதலை” என்றாள்.

அது அவளுடைய ஐந்தாவது வார்த்தை. யாரும் சொல்லிக் கொடுக்காதது.

“அட சாமி, இதைத்தான் பகல்லயும் சொல்லிட்டு நின்னாளா!” என்று எதிர்வீட்டு அக்கா வாயில் கை வைத்தாள்.

“தப்பு அவளோடது இல்லைங்க. நோட்டோடது” என்றார் டீச்சர். “சங்கு ஊதாட்டி என்ன பண்றதுன்னு நாம எழுதவே இல்லையே.”

அண்ணன் மகளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படின்னா, கட்டிப் போட வேண்டியது நோட்டைத்தானுங்களே டீச்சரம்மா” என்றார்.

யாரையும் சிரிக்க வைக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் டீச்சர் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். நான் மகளுக்கு அந்தப் போசியைத் திறந்து சோறு ஊட்டினேன். அவள் வேண்டாம் என்று கையைத் தள்ளிவிட்டுத் தானாகவே எடுத்துச் சாப்பிட்டாள். முழுதும் சாப்பிட்டாள்.

“இன்னொரு வெட்டு நாள் எப்போ?” என்றார் அண்ணன்.

“நாலாம் நாள்” என்றேன்.

“இருந்து பார்த்துட்டே போறேன்.” விட்டுக்கொடுத்துப் பேசினாலும் முடிவை மாற்றவில்லை என்று தெரிந்தது. பையை அவர் பிரிக்கவே இல்லை.

அன்றே டீச்சர் புதுப் பக்கம் எழுதினார். ‘சங்கு ஊதாவிட்டால்.’ எதிர்வீட்டு அக்கா தினமும் அந்த நேரத்துக்குத்தான் வீட்டுக்காரருக்குச் சோறு கொண்டு போகிறாள். அவள் போசியோடு கிளம்பினால் மகளும் கிளம்ப வேண்டும். ‘யார் பழக்குவது’ என்ற பத்தியில் அக்காவைப் போட்டார்.

“நானென்ன சங்குங்களா டீச்சர்? தெருவுல நின்னு ஊதோணுங்களா?”

“ஊத வேண்டாங்க. இவ கண்ணுல படற மாதிரி கிளம்புங்க, அது போதும்.”

முனகினாளே தவிர, மூன்று நாளும் காலையும் மாலையும் வெறும் போசியைத் தூக்கிக்கொண்டு குழாயடி வரை போய்ப் போய் வந்தாள். மகள் பின்னால் போனாள். லைனில் எல்லாரும் அவளைச் ‘சங்கக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் அந்தப் பேர்தான்.

நாலாம் நாள் வந்தது. சொன்னபடி கரண்ட் போனது. அண்ணன் பதினொரு மணிக்கே வந்து சைக்கிள் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கைமணி அடித்ததும் நான் கேட்டுக்கு வந்தேன்.

போசிகள் வந்துகொண்டிருந்தன. மகளைக் காணோம். எதிர்வீட்டு அக்காவையும் காணோம். அவள் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “சங்கு இல்லாட்டி என்ற ஊட்டுக்காரிக்குப் பசிகூடத் தெரியாது போலிருக்குது” என்றார்.

கொஞ்ச நேரம் போனது. ஒவ்வொருவராக மரத்தடிக்குச் சாப்பிடப் போனார்கள். நானும் அந்த ஆளும்தான் நின்றோம். அண்ணன் பெஞ்சிலிருந்து எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. வாட்ச்மேன்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சரி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வரவில்லை. எந்தப் பாத்திரத்தை முதலில் கட்டுவது என்றுதான் யோசித்தேன்.

அப்போது வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் அவள் தெரிந்தாள்.

தனியாக வந்தாள். மெதுவாக வந்தாள். வலது கையில் எங்கள் போசி. இடது கையில் இன்னொன்று. பித்தளைப் போசி. இரண்டும் ஆடாமல் இருக்க, கையை விறைப்பாக வைத்துக்கொண்டு வந்தாள். சைக்கிள் கடையைத் தாண்டும்போது அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். அவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு நோட்டில் இடம் இல்லையே.

என்னிடம் வந்து எங்கள் போசியைக் கொடுத்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, எதிர்வீட்டுக்காரரிடம் போய்ப் பித்தளைப் போசியை நீட்டினாள்.

“சோறு.”

அவர் திகைத்துப் போய் வாங்கினார். “என்ற ஊட்டுக்காரியை எங்க கண்ணு? அவளை விட்டுப்போட்டு வந்துட்டியா?”

“வேண்டாம்” என்றாள்.

கேட்டில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும்தான்.

எதிர்வீட்டு அக்காவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். சமைத்து வைத்துவிட்டுப் படுத்தவளால் எழ முடியவில்லை. அவளே பிறகு சொன்னாள். “வாசல்ல என்னைப் பார்த்துப் பார்த்து நின்னிருக்கறா. காணோம்னதும் உள்ள வந்துட்டா. என்னைப் பார்த்தா. அடுப்படியில இருந்த போசியைப் பார்த்தா. எடுத்துட்டுப் போயே போயிட்டா. நான் வாயே திறக்கலைங்க டீச்சர்.”

அண்ணன் கேட்டுக்கு வந்தார். மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்து, அவளோடு வீட்டுக்கு நடந்தார். சாயங்காலம் நான் வரும்போது பையைத் தோளில் மாட்டியிருந்தார். பல்லடம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். வாசல் வரை போனவர் நின்றார்.

“அந்தக் கயிறு சும்மாத்தானே கிடக்குது அம்மணி? கன்னுக்குட்டிக்கு ஆகும். குடு.”

ஜன்னல் கம்பியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். சுற்றியிருந்த சேலைக் கிழிசலை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டேன். அவர் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். மகளின் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அதன்பின் தோட்டத்துக்கு வா என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

டீச்சர் அன்று நோட்டில் ஒரு வரி எழுதினார். ‘சொல்லிக் கொடுக்காமல் செய்தது: இன்னொருவர் சோற்றையும் எடுத்து வந்தாள்.’ பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். ‘கயிறு’ என்ற தலைப்புக்குக் கீழே காலியாக இருந்தது. “இதை நீங்களே எழுதுங்க அக்கா” என்று பென்சிலை நீட்டினார்.

நான் யோசித்து எழுதினேன். ‘ஊருக்குப் போய்விட்டது.’

டீச்சர் இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணமாகி ஈரோட்டுப் பக்கம் போய்விட்டார். நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது ஐந்தாவது நோட்டு ஓடுகிறது. கோடு போட்டு நாலு பத்தி பிரிப்பது நான்தான். மகளுக்கு இருபது தாண்டிவிட்டது. இன்றும் ‘அ’ எழுத வராது. தலை சீவிக்கொள்கிறாள். அரிசி களைந்து தருகிறாள். லைனில் நாலு வீட்டுச் சாப்பாட்டைக் கேட்டுக்குக் கொண்டு வருகிறாள். யார் போசி யாருக்கு என்று இதுவரை மாறியதில்லை. வார்த்தை முப்பதுக்கு மேல் இருக்கும், எண்ணுவதை விட்டுவிட்டேன். நிம்மதியாக இருக்கிறோம்.

அன்றைக்கு அடித்ததை மட்டும் என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் இப்போதெல்லாம் யார்மேல் கோபம் வந்தாலும், வேலைக்குப் புதிதாக வந்த பெண் சிட்டத்தைப் பாழாக்கினாலும்கூட, கை ஓங்கும் முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சங்கு ஊதியதா?